பழைய தோட்டத்துப் பாதையில் திரும்பிய வேன்

அண்ணே,

இன்று காலை எங்கள் வேன் சிம்பாங் பூலாய் பெரிய சாலைக்குப் போகாமல், பழைய தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பியது. ஈர மண்ணும் அழுகிய செம்பனைப் பழமும் கலந்த வாடை சன்னல் வழியாக உள்ளே வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்த பாதை அது. உங்களுக்குப் பிறகு எங்களை ஜெலாப்பாங் பெக்டரிக்கு ஏற்றிப்போகும் தம்பி, யாரும் கேட்காமலே, அங்கே சாலை வேலை நடக்குதுக்கா என்றான்.

நீங்களும் இந்தப் பாதையில் திரும்பிய முதல் நாள் அப்படித்தான் ஏதோ சொன்னீர்கள். சிவப்பு விளக்கில் நிற்காததற்கும் வேகத்துக்கும் அபராதச் சமன் மேல் சமன் வந்து, குற்றப்புள்ளி ஏறி, உங்கள் லைசென்ஸை முடக்கியிருந்தார்கள். ஷிப்டுக்கு எங்களை நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் அப்படிப் பறந்தீர்கள், அது எனக்குத் தெரியாதா? வீட்டில் உட்காருங்கள், வேறு ஆளை ஓட்டச் சொல்லுங்கள் என்று வேனுக்குள்ளேயே சண்டை போட்டேன். என் வாய் உங்களுக்குத் தெரிந்ததுதானே. நீங்கள் சிரித்தீர்கள். "நான் ஓட்டாட்டி நீங்கள்லாம் எப்படிப் போவீங்க? போலீஸ் ரோட்பிளாக் இல்லாத வழியா போலாம்லா." மற்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். பஸ் வராத இடத்தில் இருப்பவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

அந்தப் பாதையில் கண்ணைக் கட்டி விட்டாலும் போவீர்கள். ரப்பர்ப் பால்மரம் இருந்த காலத்தில் நீங்கள் சைக்கிள் விட்ட இடம். இப்போது அதில் கல்லுமலையில் உடைத்த கல்லை ஏற்றிய லோரிகள் ஓடுகின்றன என்பதைத்தான் கணக்கில் எடுக்கவில்லை. முன்பெல்லாம் முனியாண்டி கோயிலைத் தாண்டும்போது ரெண்டு ஹார்ன் அடித்துக் கும்பிடாமல் போகமாட்டீர்கள். லைசென்ஸ் போனதும் அதையும் விட்டுவிட்டீர்கள். சத்தம் கேட்டு யாராவது எட்டிப் பார்ப்பார்களோ என்று சாமிக்கே ஒளிந்து போனீர்கள். முன்னால் பார்த்து ஓட்டிய மனிதர், பின்னால் யார் வருகிறார்கள் என்று கண்ணாடியைப் பார்த்தே ஓட்டத் தொடங்கினீர்கள்.

அந்தக் கடைசிக் காலையில் பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்தது. "போலீஸா?" என்றீர்கள். இல்லைண்ணே, மெதுவா போங்க என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வேகம் கூட்டி மிதித்துவிட்டீர்கள். வளைவில் கல் லோரி நின்றிருந்தது. காரில் வந்தவர் யாரோ வேலைக்குப் போகிற மனிதர். அவர்தான் ஓடிவந்து எங்களை ஒவ்வொருத்தராக வெளியே இழுத்தார். உங்களை இழுக்க அவரால் முடியவில்லை.

இன்றைக்கு இந்தத் தம்பியும் கண்ணாடியையே பார்த்தான். கோயில் வந்தது, ஹார்ன் அடிக்கவில்லை. முன் சீட்டில் அவன் பக்கத்தில் என் மகள் கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள். இந்த மாதம்தான் எங்கள் பெக்டரியில் சேர்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, லைசென்ஸ் இருக்கா?"

அவன் மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தான். நிப்பாட்டு என்று கத்தினேன். கஸ்தூரியின் கையைப் பிடித்து இறக்கினேன். இறங்குங்கடி என்று மற்றவர்களையும் கூப்பிட்டேன். ஒருத்தியும் அசையவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

செம்பனைக்கு நடுவில் நாங்கள் இருவரும் நின்றோம். மானத்தை வாங்கிட்டியேம்மா என்று என்மேல் பாய்வாள் என நினைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அந்த அண்ணனுக்கு லைசென்ஸ் இல்லன்னு போன வாரமே தெரியும்மா. எல்லாருக்கும் தெரியும்."

உங்கள்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை, அண்ணே. நல்ல மனுசன் நல்ல மனுசன் என்று எல்லாரும் அழுதபோது, நான் உங்களைத் திட்டிக்கொண்டேதான் அழுதேன். இன்று என் பிள்ளையை இறக்கியது அந்தக் கோபம்தான். அது ஆறவே வேண்டாம், என்னோடு இருக்கட்டும்.

நாளைக் காலை அந்த வேன் மறுபடியும் எங்கள் வாசலுக்கு வரும். கஸ்தூரி இப்போதே பெக்டரி சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்துவிட்டாள். எதில் போகப்போகிறாய் என்று கேட்டேன். அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.