ராத்தாவின் யன்னலுக்கு வந்த நீலக்குருவி

4.3.57 திங்கள்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. பேனா மை முடிந்தது, வாங்க வேண்டும்.

என் ராத்தாவின் புருஷன், மச்சான், கடலில் மௌத்தாகி மூன்று மாதம். அந்நிய ஆண் கண்ணில் படாமல் அவள் துக்கம் இருக்கும் இத்தா முடிய இன்னும் நாற்பது நாள். அதுவரை அவளுக்கு அந்த அறையும், பின்வளவைப் பார்க்கும் யன்னலும்தான் உலகம். வளவு மூலையில் தலை முறிந்த தென்னையில் பனங்காடை ஒரு சோடி. ராத்தாவுக்கு அது நீலக்குருவி. யன்னலுக்கு நேரே கம்பு நட்டு, அடியில் ஒரு சட்டியில் வெட்டுக்கிளியும் கறையானும் போட்டு, பத்து நாளாகப் பழக்கினேன். இன்று ஒன்று சட்டிக்கு இறங்கிற்று! பறந்தபோது செட்டை முழுக்க நீலம்.

ராத்தா சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை.
"நாளைக்கும் போடுவியா தம்பி?"
"ஓம் ராத்தா."

6.3.57 புதன்
பள்ளிக்கூடம் விட்டு வயல் வரம்பில் வெட்டுக்கிளி பிடித்தேன். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியதை நான் படிப்பிக்கும் பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். "சேருக்கு என்னமோ ஆயிட்டு" என்று ஒருத்தி. வெட்கம். முதுகு வலி. கிடைத்தது ஏழு.

8.3.57 வெள்ளி
மலேரியாவுக்கு நுளம்பு மருந்து அடிக்க ஆட்கள். அந்நிய ஆண்கள், அதனால் ராத்தாவைக் குசினிக்குள் இருத்தி வாசலில் சேலை கட்டி மறைத்தேன். போகும்போது ஒருவர், "பூச்சி செத்து விழும். கோழி பொறுக்காமப் பாத்துக்கங்க." உடனே கோழிகளை அடைத்தேன்.

ஜும்ஆத் தொழுகைக்கு முன் வீடு கூட்டினேன். கரப்பொத்தான், சிலந்தி, ஒரு சுளகு நிறைய. இன்று வயலுக்கு ஓட வேண்டாம், நல்லதாய்ப் போயிற்று. அப்படியே சட்டியில் கொட்டினேன். ஒன்று வந்து வயிறு நிறையத் தின்றதாம். "இண்டைக்கு அதுக்கு விருந்து" என்றாள் ராத்தா.

9.3.57 சனி
சுபஹு தொழுதுவிட்டு வளவுக்குப் போனேன். சட்டிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. செட்டை நடுங்கியபடி. தண்ணீர் விட்டேன், குடிக்கவில்லை. என் கையிலேயே போயிற்று.

கோழியை நினைத்த எனக்குக் குருவி நினைவு வரவில்லை. நானே நஞ்சு வைத்தேன், முதுகு வலிக்குப் பயந்து. வேலியோரம் புதைத்தேன். சட்டியை உடைத்து எறிந்தேன்.

"என்ன தம்பி, இண்டைக்கு வரல்லயே?"
"வயல் பக்கம் போயிருக்கும், வரும்."
வாய் கூசாமல் வந்தது பொய். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

11.3.57 திங்கள்
மழைக் குணம், பெய்யவில்லை. மை இன்னும் வாங்கவில்லை, பென்சில்.

சோடியில் மற்றது மட்டும் காலை முழுக்கக் கம்பில். ராத்தா யன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுட சோடி மௌத்தாப் போச்சு. எனக்கு விளங்குது தம்பி."

அதற்கு மேல் முடியவில்லை. மருந்து, சுளகு, புதைத்த இடம், எல்லாம் சொன்னேன். ஏசுவாள் என்று நின்றேன். ஏசவில்லை.

"தெரியாம வெச்சிட்டாய், அத விடு. ஆனா 'வரும்' எண்டாயே. மச்சான்ட தோணி கவுந்த அண்டைக்கும் நீதான் 'வருவார்' எண்டாய். மையித்து கரைக்கு வாற வரைக்கும் ரெண்டு நாள் அவருக்குச் சோறு ஆக்கி வெச்சிக்கிட்டு இருந்தன்."

யன்னலைச் சாத்திவிட்டாள்.