ஏழு பருந்துகள்

பள்ளி விடுதி, அலோர் ஸ்டார்
ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸலாம். விடுதியில் கைபேசி கூடாது என்பதால் என் கையெழுத்தைப் படிக்கும் தண்டனை உங்களுக்கு. அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலி சம்பல் மூன்றே நாளில் தீர்ந்தது. நான் தின்றது இரண்டு கரண்டி. மீதிக்கு என் அறைத் தோழிகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பள்ளிகளுக்கான விலங்குப் புகைப்படப் போட்டியில் என் செம்பருந்துக்கு முதல் பரிசு. இருபதாம் தேதி கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தை இப்போது என்னால் பார்க்க முடியவில்லை.

நேற்று எல்லாப் படங்களையும் நூலகத்தில் மாட்டினார்கள். நம் லங்காவித் தீவுப் பிள்ளைகள் அனுப்பிய பருந்துகள் ஏழு. ஏழும் இறக்கை விரித்து, நகம் நீட்டி, தண்ணீரைத் தெறிக்க விடுகின்றன. ஏழும் பார்ப்பது படகிலிருந்து வீசிய கோழித்தோல் விழுந்த இடத்தை. கடைசி வரிசையில் ஒரு நீர்நாய். சிறிய படம், கொஞ்சம் மங்கல்கூட. நண்டைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறது, ஓடு ஈறில் குத்திவிட்டது போல. அதன் முன்னால் நான் எத்தனை முறை போய் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

போட்டிப் படிவத்தில் ‘உணவு போட்டு வரவழைத்தீர்களா?’ என்று கேட்டிருந்தார்கள். ‘இல்லை’ என்று குறியிட்டிருக்கிறேன். பொய் சொல்ல நினைக்கவில்லை அப்பா. பருந்து பார்க்க வரும் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்கு முன் தோல் வாளியை ஏற்றுவது, கயிற்றை அவிழ்ப்பது போல, நம் படகுத்துறையில் எல்லோரும் செய்யும் வேலை. அந்தக் கேள்வி நம்மைப் பற்றியது என்றே எனக்குத் தோன்றவில்லை.

டீச்சரிடம் சொல்லிவிடட்டுமா? உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதனால் கேட்கிறேன்.

உங்கள் கைகளை முத்தமிட்டு,
சுரைதா


லங்காவி
ஜூலை 11

சுரைதாக் கண்ணு,

ஸலாம். நான் பேசற மாதிரிதான் எழுதுவேன், பிழை பாக்காதே.

உன் பருந்தைப் பெரிசாப் போட்டு படகு முகப்புல மாட்டியிருக்கேன். ஏறுறவங்ககிட்ட எல்லாம் என் மக எடுத்ததுன்னு சொல்றேன். கேக்காதவங்களுக்கும் சொல்றேன். பக்கத்துப் படகு ஹம்தான் மாமா என்னைக் கண்டாலே, “தெரியும்ப்பா, உன் மக எடுத்தது”ன்னுட்டுப் போறாரு.

உன் கடிதத்தை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். “படிக்க அனுப்பினே, நம்ம பொழப்பக் கெடுக்கக் கத்துக்கிட்டா”ன்னாரு.

தோல் போடாம பருந்து வருமா? வராட்டி நம்ம படகுல யாரு ஏறுவா? நீ படம் எடுக்கையில அந்த அலையில படகை ஆடாமப் பிடிச்சது நான். அதுவும் பொய்யா?

பேசாம பரிசை வாங்கிக்கோ.

அப்பா ரம்லி


பள்ளி விடுதி
ஜூலை 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் படகைப் பிடித்தது பொய் இல்லை. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அழுதேன்.

ஆனால் நேற்று ரோஸ்னானி டீச்சரிடம் சொல்லிவிட்டேன். யார் தோல் போட்டது என்று கேட்டார். “அப்பா. இன்னும் கிட்ட வரணும், இன்னும் போடுங்கன்னு கேட்டது நான்” என்றேன். “மத்த ஆறு பேரும் சொல்லலையே சுரைதா” என்றார். “அவங்க அந்த நீர்நாயைச் சரியாப் பாக்கலை போல, டீச்சர்” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பரிசுப் பட்டியலில் என் பெயரை அடித்தார்.

உங்கள் பேச்சை மீறியது இதுதான் முதல் முறை. வரும் வெள்ளி பெற்றோர் வரும் நாள். கோபமாக இருந்தால் வர வேண்டாம். இல்லை, கோபமாக இருந்தாலும் வாருங்கள்.

சுரைதா


பள்ளி விடுதி
ஜூலை 26

அப்பா,

நேற்று ஐந்து மணிவரை வாசலில் இருந்தேன். அறைத் தோழி நபீலாவின் அப்பா என்னையும் சேர்த்து உட்கார வைத்துச் சோறு போட்டார். நன்றாக இருந்தது என்று சொன்னேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

சுரைதா


லங்காவி
ஆகஸ்ட் 3

கண்ணு,

வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுத்து ஃபெர்ரி வரைக்கும் வந்தேன். உன்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியலே. திரும்பிட்டேன்.

மறுநாள் வாளியை எடுக்காமப் போனேன். உன் பேச்சு தப்புன்னு காட்டத்தான் போனேன், வேற நல்லெண்ணம் ஒண்ணும் இல்லே. ஒரு பருந்துகூடக் கிட்ட வரலே. ஏறின பினாங்குக்காரங்க முகத்தைத் தூக்கிக்கிட்டு இறங்கிப் போனாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம், என் பேச்சுதான் சரின்னு. ரெண்டாம் நாளும் அப்படித்தான்.

அஞ்சாம் நாள் மழை. அலையாத்தி மரத்தடியில ஒதுங்கி நின்னோம். படகுல ஒரு அம்மாவும் அவங்க புருஷனும் மட்டும். மேல கிளையில ஒரு பருந்து நனைஞ்சுபோய் இறக்கையைத் தொங்கவிட்டு உக்காந்திருந்துச்சு. நாங்க இருக்கறதையே அது கண்டுக்கலே. ஒரு காக்கா பின்னால நடந்து வந்து அதோட வாலைப் பிடிச்சு இழுத்துச்சு. பருந்து மெதுவாத் திரும்பிப் பாத்துச்சு பாரு, ஹம்தான் மாமா படகை யாராவது உரசினா பாப்பாரே, அதே பார்வை. கையில இருந்த போன்ல எடுத்தேன். பாதி இலை மறைக்குது, காக்காவுக்குத் தலை இல்லே.

அந்தம்மா படத்தை வாங்கிப் பாத்தாங்க. நேர்லயே பாத்தவங்கதான், ஆனாலும் திரும்பத் திரும்பப் பாத்து சிரிச்சாங்க. சாயந்திரம் துறையில ஹம்தான் மாமாகிட்ட காட்டினேன். “அப்புறம் என்னடா ஆச்சு? காக்கா விட்டுச்சா?”ன்னாரு. முகப்புல மாட்டின படத்தைப் பாத்து யாரும் அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டதே இல்லே.

அந்தப் படத்தைக் கழட்ட மாட்டேன். நீ எடுத்தது. பக்கத்துல இதை ஒட்டியிருக்கேன். வாரத்துல ரெண்டு நாள் வாளி இல்லாமப் போறேன். அந்த ரெண்டு நாளும் ஆள் கொறச்சல்தான், பாக்கலாம்.

அன்னிக்கு நீ வாசல்ல இருந்ததை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலே. அடுத்த வெள்ளி முதல் ஃபெர்ரியில வரேன். வாசல்லயே நில்லு. உங்க பள்ளிக்கூடத்துக்குள்ள வந்து யார்கிட்ட என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியாது.

அப்பா