உண்ணாமலை ஆச்சியின் வெண்டைப் பாத்தி

கொடும்பாளூர்
12-5-1959

அன்புள்ள உலகம்மாளுக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

கிராம சேவகன் வேலையில் ஜெயித்துவிட்டேன்! எத்தனை மருந்தடித்தும் பருத்தியில் காய்ப்புழு ஓயவில்லை. என் வீட்டுக்கார உண்ணாமலை ஆச்சியிடம், வயலோரத்து வெண்டையைப் பிடுங்கச் சொன்னேன்.

"பருத்தியில புழுன்னா என் வெண்டை என்னங்க செஞ்சுச்சு?" என்று பாய்ந்தார்.

ஒரு பிஞ்சைப் பிளந்தேன். உள்ளே அதே புழு! ஆச்சியே பிடுங்கி நெருப்பில் போட்டார். இந்த வாரம் எடுத்த பருத்தியில் சொத்தையே இல்லை. இப்போது ஆச்சி வீடு வீடாகப் போய் எல்லார் வெண்டையையும் பிடுங்க வைக்கிறார்.

ஆறு மாதமாக என் கைச் சமையல்தான். நீ போட்ட வெண்டை வற்றல் கொஞ்சம் பார்சலில் அனுப்பு. மேலே மட்டும் 'புத்தகம்' என்று எழுது. தபாலை ஆச்சிதான் வாங்குகிறார்.

உன்
சங்கரபாண்டியன்