வெயிலில் பிறந்த இலைகள்

ஜூலை 14
நாவல் கன்றுகள் முழங்காலளவு வந்துவிட்டன! கிணற்றடியில், தென்னோலைக் கிடுகு வேய்ந்த பந்தலுக்குள் கரும்பச்சையாய், அகல அகலமாய் இலைகள்.

கீரிமலைக் காணி இராணுவத்திடமிருந்து எங்களுக்குத் திரும்பக் கிடைத்தபோது அங்கே ஒரு மரம்கூட மிஞ்சியிருக்கவில்லை. அதில் தோப்பு வைக்க எனக்கு ஆசை. அச்சில் சீமெந்துக் கல் அரிந்து விற்க அண்ணைக்கு ஆசை. அப்பா முடிவு சொல்லிவிட்டார்: மாரி மழையில் நடுகிற கன்றுகள் பங்குனி வெயிலைத் தாண்டினால் தோப்பு, இல்லாவிட்டால் கல்.

ஜூலை 23
வேலையால் வந்து பார்த்தால் பந்தலில் வெறும் கம்புகள்! ஆடி அமாவாசைத் தண்ணீர்ப் பந்தலுக்கென்று அண்ணை கிடுகு முழுவதையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

"சாமி காரியமடி. ரெண்டு மூண்டு நாள்தானே."

ஆடி வெயிலில் மூன்று நாள்! வேணுமெண்டே செய்தவரோ? முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டேன். பெரிய சண்டை.

ஜூலை 28
இலைகள் வெளிறி, கருகி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகின்றன. மாமரத்தின் கீழ் நின்ற கொஞ்சம் மட்டும் தப்பின. அண்ணை கிடுகுகளைக் கொண்டுவந்து மதிலோரம் சாத்திவிட்டுப் போனார். இனி எதை மூட? அப்படியே கிடக்கட்டும். தண்ணீர் மட்டும் ஊற்றினேன், பழக்கதோஷம்.

ஆகஸ்ட் 13
துளிர்! செம்பு நிறத்தில் துளிர்! ஒன்றில் இல்லை, கனக்கக் கன்றுகளில்!

ஆகஸ்ட் 31
ஒரே கன்றில் இரண்டு விதமான இலை. கீழே கருகாமல் மிஞ்சியவை நிழலில் பிறந்தவை; பெரிது, மெல்லிசு. மேலே வெயிலில் பிறந்தவை சின்னது, தடிப்பு, தோல் மாதிரி. பழைய இலைகளில் ஒன்றாவது வெயிலுக்கு ஏற்ற மாதிரி மாறியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். இல்லை. பிறந்த வெளிச்சத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அளவு பிழைத்தால் கன்று புதிதாகத்தான் தைக்கும்.

அப்படியென்றால் — கிடுகுக்குள் பொத்திப் பொத்தி வளர்த்து, நேரே கீரிமலை வெட்டைவெளியில் நட்டிருந்தால்? பங்குனியில் எல்லாம் போயிருக்கும். நானே கொன்றிருப்பேன்! இருப்புக்கொள்ளவில்லை. அண்ணையிடம் சொல்லவும் ரோசம் விடவில்லை.

செப்டெம்பர் 21
நடுகைக்கு அப்பா மாமரத்தடிக் கன்றுகளைத்தான் தெரிந்தெடுத்தார். அவைதான் வடிவாம்.

"உந்தக் கருகலுகளை ஆருக்குக் காட்டுறது?"

வடிவான ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்து வெயிலில் வைத்தேன். பார்ப்போமே.

செப்டெம்பர் 27
வெளிறிவிட்டது, பாவம். அப்பா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி பிள்ளை, மழை வர உன்ரை கருகலுகளையே ஏத்து."

நவம்பர் 9
கீரிமலையில் நட்டாயிற்று. மழையில் தெப்பமாக நனைந்தேன். சந்தோசம், சந்தோசம்.

ஏப்ரல் 8
பங்குனி முடியப்போகிறது. இரண்டு மூன்றுதான் போயின. மற்றவையெல்லாம் கடற்காற்றில் மினுங்கிக்கொண்டு நிற்கின்றன!

நான் போனபோது அண்ணையின் மோட்டார் சைக்கிள் அங்கே நின்றது. ஆடு கடிக்காமல் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் சீமெந்துக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பின்வளவில் அவரே அரிந்த கல். நானும் குனிந்து ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் அடுத்த கன்றுகளும் பந்தலுக்குள் வளர்கின்றன என்றேன்.

"இந்த ஆடிக்கும் கிடுகு தாறன், அண்ணை. ஆனா ஒரே நாளிலை வேண்டாம். நாளுக்கு ஒண்டு ஒண்டா வந்து கழட்டுங்கோ."

"ஓம்," என்றுவிட்டு அடுத்த கல்லைத் தூக்கினார்.