உயர்ந்துவிட்ட தெரு

கவுன்சிலராகிவிட்ட தம்பிக்கு,

புது ரோட்டுத் திறப்பு விழாவுக்கு நான் வரவில்லை என்று உனக்குக் கோபமாமே. எப்படியடா வருவேன்? பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட வைத்தாய். நாம் பிறந்த வீடு பள்ளத்தில் கிடக்கிறது. நேற்றைய மழையில் தெருத் தண்ணீரெல்லாம் உள்ளே. அம்மா கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

போன் போட்டால் உன் கையாள், "அண்ணன் மீட்டிங்ல இருக்காருக்கா" என்கிறான். வெட்கமாக இல்லை?

தெருமுனையில் உனக்கு நன்றி சொல்லிக் கட்டிய பேனரை அவிழ்த்து வந்து, செங்கல்லை அண்டக்கொடுத்து வாசலை அடைத்தேன். தண்ணீர் நின்றது. உன் சிரித்த முகம் உள்பக்கம் பார்த்திருந்தது.

அம்மா கண்ணை இடுக்கினாள். "யாருடி வாசல்ல, உன் தம்பியா?"

"ஆமாம்மா."

"ஏன் அங்கயே நிக்கிறான்? உள்ள வரச் சொல்லுடி."

அதற்கு நீயே வந்து பதில் சொல்.

உன் அக்கா