அருவியில் நீட்டிய கை

தென்காசி,
ஐப்பசி மாதம்

அன்புள்ள புவனேஷுக்கு, அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா சௌக்கியம், நானும் இருக்கிறேன். கிளாஸ்கோவில் நீ சௌக்கியமாகத்தான் இருக்கிறாய் என்பது நீ எடுத்த படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மனக்கஷ்டம் உள்ளவன் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைவதை அவ்வளவு நேரம் காட்டிக்கொண்டிருக்க மாட்டான்.

எனக்கு மட்டும் காட்ட வேண்டிய படத்தை உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டு ஊரைக் கூட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவி, அவள் மகள் ஹஸீபா, கீழப்பாவூரிலிருந்து வந்திருந்த உன் மாமா என்று உட்கார இடமில்லை. படத்தில் அப்பா வேடத்து ஆள் வந்து நின்றதும் ஜாஹிரா பீவி, "என்ன அண்ணாச்சி, சினிமாவுல நடிச்சிட்டு எங்கள்ட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா முந்திக்கொண்டு, "அவுக இல்லக்கா, எங்க கொழுந்தனாரு. மொகரையத் தூக்கிட்டு நடக்கதப் பாத்தா எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், உன் மாமா சத்தமாகவே சிரித்தார். ஆடி மாதத்திலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டை என் தம்பி மகாதேவன் உடம்பில் இருந்தது. லீவுக்கு வந்து அப்பனைப் பற்றிப் படம் எடுக்கிறாய். அப்பனாக நடிக்க அப்பன் பேசாத தம்பியைப் பிடிக்கிறாய். அப்பன் சட்டையையே எடுத்து அவனுக்கு மாட்டியும் விடுகிறாய். இதற்கா உன்னைப் படிக்க வைத்தேன்?

உன் சித்தப்பன் என்ன செய்தான் என்பது உனக்குத் தெரியாததல்ல. என் ஜன்னலுக்கு நேராக மாடிப்படிக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே, "மலை மறையுதுலே, நாலடி தள்ளிக் கட்டு" என்றேன். "மலை என்ன ஒங்க பேருக்கா பட்டா போட்டிருக்கு?" என்று கேட்டான். அன்றோடு பேச்சு நின்றது. நீ அந்த மாடிப்படி உச்சியிலேயே கேமராவை வைத்து, மேகம் இறங்கிய மலையை முதல் காட்சியாக எடுத்திருக்கிறாய். என் வீட்டு ஜன்னலில் தெரிந்துகொண்டிருந்த மலையை நான் இப்போது டிவியில் பார்க்க வேண்டியிருக்கிறது.

படம் எப்படி இருக்கிறது என்று கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். கல்லூரியில் ஒளியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவனின் மகன் நீ, உச்சி வெயிலில் முகங்களை எடுத்துக் கண்ணெல்லாம் குழியாக்கி வைத்திருக்கிறாய். சாரல் விழும்போது எதற்கு வயலின்? சாரலுக்குச் சத்தமே கிடையாது. நீ சின்னப் பையனாக இருந்தபோது குற்றாலம் சித்திரசபைக்குக் கூட்டிப்போய், எனக்குப் பிடித்த ஓவியங்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்தி, வரைந்தவன் எங்கே கோட்டை நிறுத்தினான் என்று பார் என்றேன். மிச்சத்தை நம் கண் வரைந்துகொள்ளும், அதுதான் கலை என்றேன். நீ சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பல்லிதான் இந்தப் படத்தை எடுத்திருக்கிறது.

"ஒங்களுக்குப் பிடிக்கலன்னா சித்தப்பா வர்ற எடத்தையெல்லாம் வெட்டிருதேன். மாசக் கடைசிக்குள்ள விழாவுக்கு அனுப்பணும்" என்று போனில் சொன்னாய். வெட்டச் சொல்வதாகத்தான் இருந்தேன். எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று குறித்து அனுப்புவதற்காக, திங்கட்கிழமை கல்லூரி விட்டு வந்து தனியாக இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். பழைய குற்றாலத்தில் அவன் அருவிக்குள் போகும் காட்சி வந்தது. தண்ணீர் தலையில் விழுகிறது. வலது கையை மட்டும் பக்கவாட்டில், இடுப்புக்குச் சற்று மேலே நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்தபடி அசையாமல் நிற்கிறான். பக்கத்தில் யாருமில்லை. ஹஸீபா முந்தின நாள், "விழுந்திருவோம்னு பயந்துட்டாரோ?" என்று கேட்டாள். நடிக்கத் தெரியாதவனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அப்பா எங்கள் இருவருக்கும் எண்ணெய் தேய்த்து அருவிக்கு அனுப்பிவிட்டுத் தான் பாறையில் உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் பிடரியில் அடித்தால் மகாதேவன் வீறிடுவான், அப்போது சின்னப் பையன். நான் அவன் பிடரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நிற்பேன், அடியெல்லாம் என் கையில் விழும். இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. உனக்கே தெரியாததை நீ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அப்பா மாதிரி செய்யுங்கள் என்று நீ சொல்லியிருப்பாய். அவன் செய்திருக்கிறான்.

ஆகவே, வாளியை வெட்டு, வயலினை எடுத்துவிடு. மாடிப்படி உன் இஷ்டம். அந்தக் கை வரும் இடத்தில் மட்டும் கத்தரி வைக்காதே, கீழே எழுத்துப் போட்டு எவருக்கும் விளக்காதே. இதற்காக நான் அவனோடு பேசிவிடுவேன் என்று நீயும் உன் அம்மாவும் கணக்குப் போட வேண்டாம். மாடிப்படி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

காசி விசுவநாதர் உனக்கு ஆயுளையும், கொஞ்சம் ரசனையையும் தரட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அந்தச் சட்டை எனக்கு வேண்டாம், அவனே வைத்துக்கொள்ளட்டும். ஒன்று மறக்காதே: எண்ணெய்க் காலோடு பாசிப் பாறையில் நிற்கிறான், அருவியோரக் கம்பியைப் பிடிக்கவில்லை. அடுத்த சாரலுக்குப் போனால் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
நாறும்பூநாதன்