ஐஸ்கிரீம் டப்பாவில் உன் குரல்

உன் அம்மாவின் சமையலறையில், மைக்ரோவேவுக்கு மேலே, அந்த ஐஸ்கிரீம் டப்பா இன்னும் இருக்கிறது. மூடியில் நீ ஊசியைச் சுடவைத்துக் குத்திய ஓட்டைகள், பக்கவாட்டில் ஒரு வயர். ஞாயிற்றுக்கிழமை காலை நான் பக்குரங்காவில் இருக்கும் அந்த வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது நீ பேசினாய்.

"அம்மா, எழும்பியாச்செல்லே? கண்ணுக்கு மருந்து விடுங்கோ. ஃபிரிஜ் கதவில இருக்கு."

நீ போய் ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. உன் காலடியில் நானும் பூப் போட்டுவிட்டு வந்தவள்தான். அந்த டப்பாவுக்குள் இருக்கும் புரோகிராமில் பாதியை எழுதியதே நான். அதில் உன் குரல் இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? எல்லாம் தெரிந்திருந்தும் கதவைப் பிடித்துக்கொண்டு மடச்சி மாதிரி நின்றேன்.

ஆல்பனி அலுவலகத்தில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் ஈப்போக்காரி, நீ யாழ்ப்பாணத்துக்காரி. நான் பேசுவேன், நீ கதைப்பாய். உன் அம்மாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கிய சமயம் அது. மருந்தை ஒழுங்காக விடாவிட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிரஷர் மாத்திரையையும் யாராவது சொன்னால்தான் அம்மா எடுப்பார். கூட இருக்கும் உன் தம்பி விடியும் முன்னே வேலைக்குக் கிளம்பிவிடுவான். நீயோ நகரத்தின் மறு கோடியில், கிளென் ஈடனில் வாடகைக்கு இருந்தாய். போன் அடித்தால் அது எங்கே அடிக்கிறது என்று அம்மா தேடி முடிப்பதற்குள் நின்றுவிடும். "நான் போய் நிக்கேலாது. என்ர குரல் போய் நிக்கட்டும்" என்றாய்.

அப்படித்தான் மதியச் சாப்பாட்டு நேரங்களில் நாம் இருவரும் அதை எழுத ஆரம்பித்தோம். உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், அதில் பைத்தான் மொழியில் ஒரு சின்ன புரோகிராம். எந்த நேரத்துக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதும், சொல்லும் குரலும் ஒரு டேட்டாபேஸில். நான் என் மேதாவித்தனத்தைக் காட்ட, இணையத்தில் ஒரு சர்வர் எடுத்து வைக்கலாம் என்றேன். "அம்மாவின்ர குளிசைக்குச் சர்வரே? உனக்கென்ன விசரே?" என்று சிரித்தாய். குளிசை என்றால் மாத்திரை, விசர் என்றால் பைத்தியம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தனி சர்வர் தேவைப்படாத, புரோகிராமோடு கூடவே கிடக்கும் ஒரே ஒரு ஃபைல் போதும் என்பது உன் கட்சி. இன்டர்நெட் போனாலும் அம்மாவுக்கு மருந்து தவறக் கூடாது என்றாய்.

அந்த ஃபைலோடு எனக்கு ஒரு தீராத தகராறு இருந்தது. பைத்தானிலிருந்து ஒரு மாற்றத்தை எழுதுவேன். எழுதியது சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பேன். இருக்கிறது என்று அது சொல்லும். நிம்மதியாக மூடிவிட்டுப் போவேன். திரும்பத் திறந்தால் பழையபடி கிடக்கும். கடைசியில் கொமிட் என்று ஒரு வரி சொன்னால்தான் எழுதியது ஃபைலில் நிலைக்கும். சொல்லாமல் மூடினால் எல்லாம் வாபஸ். ஒவ்வொரு தடவையும் மறப்பேன். உன் மேசையிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், "கொமிட் போட்டனியோ?" என்பாய். "உனக்குத் தெரியுது எண்டதுக்காக ஊருக்கும் தெரியும் எண்டு நினைக்காத" என்பாய். கோபம் கோபமாக வரும்.

உன் போனில் குரல் பதிந்ததும் அலுவலகச் சாப்பாட்டு அறையில்தான். உன் அதட்டலைக் கேட்டு மற்ற மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த நான் சிரிப்பை அடக்க இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். பதிந்து முடித்ததும் அந்தப் போனாலேயே என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாய்.

அப்புறம் ஒரு நாள் தலைவலி என்று சீக்கிரம் கிளம்பினாய். நாளைக்குப் பார்ப்போம் என்றுகூட நான் சொல்லவில்லை. ஏதோ மெயிலைப் பார்த்துக்கொண்டே கையை ஆட்டினேன். நீ திரும்பி வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் உன் தம்பி கூப்பிட்டான். "அக்கா, அந்தப் பெட்டியில இருக்கிற குரலை மாத்தித் தர ஏலுமோ? வீட்டில நிக்கிற நாளெல்லாம் எங்கட அக்காவின்ர குரல். என்னால தாங்கேலாமக் கிடக்கு. அதைவிட, அம்மா அதுக்கு மறுமொழி சொல்லுறா. அக்கா இருக்கிறா எண்டு நினைக்கிறாவோ எண்டு பயமா இருக்கு." பெட்டியைக் கழற்றவும் அவனுக்குத் துணிவில்லை. ஒரு நாள் கழற்றி வைத்ததில் அம்மா மருந்தே விடவில்லையாம். அதனால் உன் குரலை எடுத்துவிட்டு அவன் குரலை வைப்பது என்று முடிவாகியிருந்தது.

அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை போனேன். அம்மா முன் அறையில் படுத்திருந்தார். நான் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, டப்பாவோடு இணைத்து, உன் ஃபைலுக்குள் போய், உன் குரலை ஒவ்வொன்றாக அழித்தேன். அந்த இடங்களில் உன் தம்பி பதிந்துவைத்திருந்த குரலை வைத்தேன். ஹெட்போனை மாட்டிப் போட்டுப் பார்த்தேன். நியூஸ் வாசிக்கிற மாதிரி அவன் பேசினான். உன் குரல் ஒன்றாவது மிச்சமிருக்கிறதா என்று ஃபைலிடம் கேட்டேன். இல்லை என்று வந்தது. லேப்டாப்பை மூடினேன்.

"முடிஞ்சுதோ?" என்றான்.

"முடிஞ்சிருச்சு."

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். பருப்பும் சோறும் அவனே சமைத்திருந்தான். அம்மாவைக் கூட்டிவந்து உட்கார வைத்து, மூன்று பேரும் சாப்பிட்டு முடித்தோம். தட்டுகளை எடுக்க அவன் எழுந்தான்.

"அம்மா, சாப்பிட்டாச்செல்லே? பிரஷர் குளிசையை எடுங்கோ. பிறகு எடுக்கிறன் எண்டு சொல்லாதேங்கோ, எனக்கு உங்களைத் தெரியும். எழும்புங்கோ!"

அவன் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து உடைந்தது. நான் அழித்தேன். என் கண்ணால் பார்த்தேன். என் காதால் கேட்டேன். "அழிச்சிட்டன் எண்டு சொன்னீங்களே அக்கா!" என்று உன் தம்பி கத்தினான். நான் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிடம், நீ உள்ளே இருக்கிறாய் என்றே நம்பினேன்.

உன் அம்மாதான் முதலில் அசைந்தார். "ஓம் ஓம், எடுக்கிறன். கத்தாத பிள்ளை" என்று டப்பா இருக்கும் பக்கம் சொல்லிவிட்டு, கையால் தடவி மாத்திரைப் பெட்டியை எடுத்தார்.

"அம்மா, அக்கா இல்லை அம்மா…" உன் தம்பியின் குரல் உடைந்தது.

"எனக்குக் கண்தான் தெரியாது தம்பி. பெத்த பிள்ளையை எரிச்சிட்டு வந்து இருக்கிறன். அது எனக்குத் தெரியாதே?" மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார். "அவள் சொன்னாத்தான் நான் செய்வன். நீ சொன்னாச் செய்யன். அது உனக்கும் தெரியும். அவளை அதில இருந்து தூக்காத."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொமிட் போடவில்லை. இத்தனை நாள் நீ கரடியாய்க் கத்தியும் ஏறாத அந்த ஒரே ஒரு வரியை, உன்னை அழிக்கும்போதும் மறந்திருக்கிறேன்.

திரும்ப அழித்து, இந்த முறை கொமிட்டும் போட்டுவிடவா என்று உன் தம்பியைக் கேட்டேன். உடைந்த தட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "இன்னொருக்காப் போடுங்கோ அக்கா. நான் ஒரு நாளும் முழுக்கக் கேட்டதில்லை. இது துவங்கினாக் காதைப் பொத்திக்கொண்டு கார்ல ஏறிடுவன்" என்றான்.

ஹெட்போன் இல்லாமல் போட்டேன். நீ முதலிலிருந்து அதட்டினாய். எழும்புங்கோ என்று முடித்தாய். அதற்குப் பின்னால், சற்றுத் தள்ளி, யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டதாக அல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! அது நான். நீ போன பிறகு நான் கேட்டிராத என் சிரிப்பு.

உன் அம்மா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். செத்த வீட்டில் ஒரு முறை என் கையைப் பிடித்ததைத் தவிர அவருக்கு என்னைத் தெரியாது.

"பிள்ளை, பின்னால நிண்டு சிரிக்கிறது நீர்தானே?"

"ஆமா ஆன்ட்டி."

"வந்ததில இருந்து பாக்கிறன், ஏன் இப்ப சிரிக்கிறேல்லை?"

அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். என் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, "அவள் அதட்டுவாள், நீர் சிரிப்பீர். அதைக் கேட்டுத்தான் நான் எழும்புறனான்" என்றார்.

ஃபைலில் எதையும் மாற்றாமல் மூடிவிட்டு வந்தேன். அலுவலகத்தில் இப்போது கொமிட் மறப்பதில்லை. உன் காலி மேசையிலிருந்து கேள்வி வந்துவிடுகிறது. சிரிப்பு இன்னும் வரவில்லை. பரவாயில்லை. பக்குரங்காவில் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு நீ அதட்டுகிறாய், நான் சிரிக்கிறேன்.